எடுக்கும் கை, சொல்லும் வாய்

முடிவெடுக்க முடியாமல் தவிக்கும் ஒருவர், பக்கத்தில் விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தையிடம் இரண்டு விரலை நீட்டி, "இதுல ஒண்ணைத் தொடு" என்கிறார். குழந்தை எதையோ தொட்டுவிட்டு ஓடிவிடுகிறது. எந்த விரலுக்கு என்ன பொருள் என்பது நீட்டியவருக்கு மட்டும்தான் தெரியும். நினைத்தது வந்தால் முகம் மலரும். வராவிட்டால் "மூணு தடவை பார்த்தாத்தான் சரி" என்று குழந்தையை மறுபடி கூப்பிடுவார்.

தமிழ் வீடுகளில் ஆடப்படும் மிகச் சிறிய குறி விளையாட்டு இது. அடையாளம் இரண்டு, ஆட்டக்காரர் இரண்டு பேர், செலவு இல்லை. பெரிய சீட்டுக்கட்டும் பலகையும் கொண்ட குறி விளையாட்டுகளில் இருக்கும் நான்கு உறுப்புகளும் இதிலேயே இருக்கின்றன: எடுக்கும் கை, எத்தனையில் ஒன்று என்ற கணக்கு, அடையாளத்துக்குரிய பலன், அந்தப் பலனைச் சொல்லும் வாய். புதிதாக ஒரு குறி விளையாட்டை வடிவமைக்க உட்காருகிறவர் இந்த நான்கையும் யார் யாரிடம் ஒப்படைப்பது என்று முடிவு செய்தாக வேண்டும். அதற்கு வேண்டிய சோதனைகளைத் தமிழ்நாடு, அதிலும் காவிரிக் கரை, நெடுங்காலமாகச் செய்துவந்திருக்கிறது.

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் சாலையில் உள்ள திருவிடைமருதூரில் மகாலிங்க சுவாமி கோயிலே ஒரு விளையாட்டுப் பலகை போலத்தான் அமைந்திருக்கிறது. 27 நட்சத்திரங்களுக்கும் 27 லிங்கங்கள். வருகிறவர் தன் நட்சத்திரம் எது என்று தேடிப்போய் அதன் முன்னால் நிற்கிறார். நடப்பதற்கும் ஒரு விதி உண்டு. குதிரையின் காலடியில் அறியாமல் ஓர் அந்தணர் இறந்துபோக, அந்தப் பிரம்மஹத்தி வரகுண பாண்டியனைத் துரத்தியது; கிழக்கு வாசலில் அது காத்து நிற்க, அவன் மேற்கு வாசல் வழியே வெளியேறித் தப்பினான் என்பது தலபுராணக் கதை. புகுந்த வாசல் வழியே திரும்பக் கூடாது என்று இன்றும் பார்த்து நடக்கிறவர்கள் உண்டு. கட்டங்கள், காய், நகர்த்தும் விதி, மாட்டினால் தப்பும் வழி என எல்லாம் கல்லிலேயே இருக்கின்றன.

நெல்லும் கழங்கும்

சங்கப் பாடல்களில் மகள் மெலிந்து வாடினால் தாய் குறி பார்க்க ஆளைக் கூப்பிடுவாள். கட்டுவிச்சி வந்தால் முறத்தில் நெல்லைப் பரப்புவாள். வேலன் வந்தால் கழங்கை, அதாவது கழற்சிக்காயை, உருட்டுவான். கட்டு, கழங்கு என்ற இரண்டையும் தொல்காப்பியம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. நெல்லை நான்கு நான்காக எண்ணி ஒதுக்கி, மிச்சம் ஒன்றோ இரண்டோ மூன்றோ என்றால் முருகனால் வந்த வருத்தம் என்றும், நான்கு என்றால் வேறு நோய் என்றும் கட்டுவிச்சி சொல்வாள் என்பது உரைகாரர்கள் தரும் விளக்கம்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். நான்கு விடைகளில் மூன்று முருகனுக்குப் போகின்றன. மகளுக்கு வந்தது காதல் நோய் என்பது தோழிக்குத் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும். நெல்லோ நான்கில் மூன்று முறை முருகன் பெயரைத்தான் சொல்லும். உடனே முருகனுக்காக வேலன் ஆடும் வெறியாட்டுக்கு ஏற்பாடு நடக்கும். அகப்பாடல்களின் நாடகமே இந்தச் சாய்வான கணக்கின் மேல் நிற்கிறது. சீனத்தின் ஈ சிங்கிலும் தண்டுக் குச்சிகளை நான்கு நான்காக எண்ணித்தான் மிச்சம் பார்க்கிறார்கள். அங்கே 50 குச்சிகளில் ஒன்றை ஒதுக்கிவிட்டு 49-ஐ வைத்து எண்ணுவார்கள். நான்காக எண்ணி மிச்சத்தைப் பார்க்கும் உத்தி இரண்டு நாடுகளுக்கும் பொது. ஒரு பிடி தானியம் கையில் இருந்தால் போதும், வேறு கருவி வேண்டாம்.

கழங்குக்கு இன்னொரு முகமும் உண்டு. அதே கழங்கைப் பெண்கள் மேலே வீசிப் பிடித்து விளையாடினார்கள். செல்வர் வீட்டுப் பெண்கள் பொன்னால் செய்த கழங்கு ஆடியதாகவும் பாடல்கள் உண்டு. முற்றத்தில் விளையாட்டுப் பொருள், வேலன் கையில் குறிப் பொருள். சோழியும் அப்படித்தான். தாயத்திலும் பல்லாங்குழியிலும் பயன்பட்ட சோழி, பிரசன்னம் பார்ப்பவரின் பலகைக்கும் போகிறது. பாய்ச்சிகை என்னும் பகடையை உருட்டிப் பார்க்கும் ஆரூட நூல்கள் அகத்தியர் பெயரில் புழங்குகின்றன. மத்திய ஆசியாவின் குச்சா பகுதியில் 1890-இல் ஹாமில்டன் போவர் வாங்கிய சமஸ்கிருதச் சுவடியில் இதற்கு மிகப் பழைய சாட்சி இருக்கிறது. அதன் இரண்டு பகுதிகள் பகடைக் குறி பற்றியவை. நான்கு முகப் பகடையை மூன்று முறை உருட்டினால் 4 × 4 × 4, மொத்தம் 64 விடைகள். ஈ சிங்கின் வடிவங்களும் 64.

ஐரோப்பாவில் நடந்ததும் இதேதான். டாரட் சீட்டு 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் வெறும் ஆட்டச் சீட்டு. பாரிஸில் 1780-களில்தான் அதற்கு மறைபொருள் கற்பித்துப் பலன் சொல்லத் தொடங்கினார்கள். நியூரம்பர்க்கைச் சேர்ந்த யோகான் காஸ்பர் ஹெக்டெல் 1799-ஐ ஒட்டி வடிவமைத்த 'நம்பிக்கை விளையாட்டு' இன்னும் சுவையானது. 36 படச் சீட்டுகளை ஆறுக்கு ஆறாகப் பரப்பிவைத்து, பகடை உருட்டிக் காய் நகர்த்த வேண்டும். 35-ஆம் படமான நங்கூரத்தை அடைந்தவருக்கு வெற்றி. கிட்டத்தட்ட நம் பரமபதம். பிரான்ஸில் புகழ்பெற்ற குறிசொல்லி லெனார்மாண்ட் 1843-இல் இறந்தபின், அந்த 36 படங்களும் அவர் பெயர் சூட்டப்பட்டுக் குறிச் சீட்டாக விற்பனைக்கு வந்தன. இன்றும் அந்தப் பெயரில்தான் விற்கின்றன. பலன் பார்ப்பதற்கென்றே ஒரு கருவியைச் செய்யத் தேவையில்லாமல், ஊரில் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் விளையாட்டே எல்லா இடத்திலும் குறிக் கருவியாக மாறியிருக்கிறது.

கை யாருடையது?

பலன் தெரிய வேண்டியவரே சீட்டை எடுத்தால் அவருக்கே நம்பிக்கை வராது. அதனால் கையைக் கடன் வாங்குகிறார்கள். அம்மன் சந்நிதியில் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் போட்டுவிட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். பஞ்சாங்கத்தில் அச்சாகும் சீதா சக்கரம், ராமர் சக்கரம் ஆகியவற்றில் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைக்க வேண்டும். விரல் பட்ட எண்ணுக்குரிய பலன் கீழே இருக்கும்.

அறியாத கைதான் நேர்மையான கை என்பதை அரசியலிலும் பயன்படுத்தினார்கள். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடும்பு எனப்பட்ட 30 ஊர்ப் பிரிவுகளிலிருந்து பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, விவரம் ஏதும் அறியாத ஒரு சிறுவனைவிட்டு எடுக்கச் சொல்கின்றன. அவன் கொடுக்கும் ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். அவர் வாசித்ததை அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் மறுபடி வாசிக்க வேண்டும். எடுக்கும் கை வேறு, வாங்கும் கை வேறு, சொல்லும் வாய் வேறு. விரலிடுக்கில் வேறோர் ஓலையை ஒளித்துவைக்கும் வித்தை அந்தக் காலத்திலும் தெரிந்திருந்தது என்பதற்கு அந்த விரித்த ஐந்து விரலே சான்று.

புத்தகத்தையே கையாக்கியவர்களும் உண்டு. சுவடிக்குள் கயிற்றை நுழைத்து, அது விழுந்த ஏட்டில் உள்ள பாடலைப் பலனாகக் கொள்வார்கள். சைவ மரபில் அதற்குக் கயிறு சாத்திப் பார்த்தல் என்று பெயர். பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் பிள்ளையில்லாமல் வருந்தியபோது, அவருடைய குரு சகலாகம பண்டிதர் தேவாரச் சுவடியில் கயிறு சாத்திப் பார்க்கச் செய்தார். திருஞானசம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகம் வந்தது. தம்பதியர் திருவெண்காடு சென்று வழிபட்டுப் பெற்ற பிள்ளைதான் பின்னாளில் மெய்கண்டார் என்று சைவர்கள் சொல்வார்கள். பாரசீகர்கள் ஹாஃபிஸின் கவிதைத் தொகுப்பைத் திறந்து பார்ப்பதும், ரோமானியர்கள் வெர்ஜிலைத் திறந்து பார்த்ததும் இதே முறைதான்.

கடன் வாங்கிய கைகளில் நமக்கு அதிகம் பழகியது கிளியினுடையது. கூண்டைத் திறந்தால் பச்சைக்கிளி வெளியே வரும். அடுக்கிலிருந்து சில சீட்டைத் தள்ளிவிட்டு ஒன்றை இழுத்துக் கொடுக்கும். கூலியாக ஒரு நெல்மணியை வாங்கிக்கொண்டு கூண்டுக்குத் திரும்பும். 27 நட்சத்திரத்துக்கு 27 சீட்டு என்று கணக்குச் சொல்பவர்கள் உண்டு. முருகன், லட்சுமி படங்களோடு வேளாங்கண்ணி மாதா, நாகூர் தர்கா படங்களும் அந்த அடுக்கில் இருக்கும். வாடிக்கையாளர் எந்த மதமானாலும் வெறுங்கையோடு போகக் கூடாது என்ற வடிவமைப்பு அறிவு அது.

ஆனால் பச்சைக்கிளியை வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2024 மக்களவைத் தேர்தல் பிரசாரத்தின்போது, கடலூர்த் தொகுதியில் பாட்டாளி மக்கள் கட்சி வேட்பாளராக நின்ற இயக்குநர் தங்கர் பச்சானுக்குக் கிளி ஜோசியம் வெற்றி சொன்னது. அந்தக் காட்சி பரவியதும் வனத்துறையினர் கிளிகளைக் கைப்பற்றினார்கள். ஜோசியரைப் பிடித்து விசாரித்து எச்சரித்து அனுப்பினார்கள். தேர்தலில் வென்றவர் காங்கிரஸின் விஷ்ணு பிரசாத். கிளிக்கு வேறு கூண்டு கிடைத்தது, வேட்பாளருக்குத் தோல்வி கிடைத்தது. படத்துக்குப் பலன் சொன்ன வாய் மட்டும் எச்சரிக்கையோடு தப்பியது.

எத்தனையில் ஒன்று?

கணக்கை மறைப்பது இந்தக் கலையின் பாதி. துளசிதாசரின் ராமசரிதமானஸோடு அச்சாகும் ராம சலாகா பிரஸ்னாவளியில் 15-க்கு 15 என 225 கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து. ஒரு கட்டத்தைத் தொட்டு, அங்கிருந்து ஒன்பதாவது, மறுபடி ஒன்பதாவது என்று எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டே போனால் சௌபாய் என்னும் செய்யுளின் ஓர் அடி உருவாகும். பார்ப்பவருக்கு 225 வழிகள் திறந்திருப்பதாகத் தோன்றும். உள்ளே இருப்பவை ஒன்பது விடைகள்தான். எழுத்தெழுத்தாகச் சேரும்போது ஏறும் படபடப்பில், ஒன்பது என்ற எண் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

கணக்கு சரியில்லாத விளையாட்டும் உண்டு. பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் தமிழ்நாட்டில் பல தலைமுறைகள் ஆடிய 'ஃபிளேம்ஸ்' அதற்கு நல்ல உதாரணம். இரண்டு பெயர்களை ஆங்கிலத்தில் எழுதி, பொதுவான எழுத்துகளை அடித்துவிட்டு, மிச்ச எண்ணிக்கையால் நட்பு, காதல், அன்பு, கல்யாணம், எதிரி, சகோதரி என்ற ஆறையும் வட்டமாக எண்ணிக்கொண்டே போய் ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும். கடைசியில் நிற்பதுதான் பலன். ஆறும் சமமாக வரும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். மிச்ச எண் 1 முதல் 12 வரை ஒவ்வொன்றுக்கும் போட்டுப் பார்த்தால் சாயம் வெளுத்துவிடும். 2, 4, 7, 9 என்ற நான்கு எண்களுக்கு எதிரி. 3, 5 என்றால் நட்பு. 6, 11 என்றால் கல்யாணம். 8, 12 என்றால் அன்பு. 1 என்றால் சகோதரி. காதல் வருவது 10 என்ற ஒரே எண்ணுக்கு. எட்டாம் வகுப்பில் மனம் உடைந்துபோனவர்கள் விதியை நொந்திருப்பார்கள். நொந்திருக்க வேண்டியது ஆறு எழுத்தின் வரிசையை.

அமெரிக்கக் கடைகளில் விற்கும் 'மேஜிக் 8 பால்' இதை யோசித்துச் செய்தது. பந்துக்குள் மிதக்கும் 20 முகக் கட்டையில் 10 முகம் ஆமாம், 5 முகம் இல்லை, 5 முகம் பிறகு கேள். நல்ல பதிலுக்குப் பாதி இடம், மழுப்பலுக்குக் கால் பங்கு. மறுபடி குலுக்கத் தூண்டுவது அந்த மழுப்பல்தான்.

சொல்லும் வாயும் கேட்கும் காதும்

பலன் எப்படி எழுதப்பட வேண்டும்? உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் 1948-இல் தன் மாணவர்கள் 39 பேருக்கு, தனித்தனியாக எழுதியது போல ஒரே குணச்சித்திரத்தைக் கொடுத்தார். வாக்கியங்களில் பெரும்பகுதி பெட்டிக்கடையில் விற்ற ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னபோது சராசரி 4.26 வந்தது. பொதுவாகச் சொல்லிவிட்டால் கேட்பவரே தன் கதையை இட்டு நிரப்பிக்கொள்கிறார்.

கேட்பவர் நிரப்புவதைத் தமிழ் இலக்கியம் முன்பே படம்பிடித்திருக்கிறது. நப்பூதனாரின் முல்லைப்பாட்டில் முதிய பெண்கள் நெல்லும் முல்லையும் கொண்டு ஊர்ப்புறத்தில் விரிச்சி, அதாவது தற்செயலாகக் காதில் விழும் சொல்லை, கேட்க நிற்கிறார்கள். தாய்ப் பசுக்கள் இப்போதே வந்துவிடும் என்று ஓர் ஆய்மகள் தவிக்கும் கன்றைத் தேற்றுகிறாள். அவள் யாருக்கும் குறி சொல்லவில்லை. போருக்குப் போன தலைவன் வந்துவிடுவான் என்று அந்த வார்த்தையைத் தலைவிக்கு நற்சொல்லாகக் கொண்டுபோகிறவர்கள் இந்த முதியவர்கள். ஔவையார் பாடிய குறுந்தொகை 23-இல் தோழி இன்னும் கெட்டிக்காரி. குறிசொல்லும் அகவன் மகள் பல மலைகளைப் பாடிக்கொண்டு போகையில், தலைவனின் மலையைப் பற்றிய பாட்டை மட்டும் இன்னொரு முறை பாடச் சொல்லுகிறாள். தாய்க்கு விஷயம் புரிந்துவிடும். குறியைத் திருப்பியது கேட்டவளின் வாய்.

தஞ்சை மராட்டியர் அவையில் இந்த வாய் மேடையேறியது. கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் இரண்டாம் சரபோஜியைப் பாட்டுடைத் தலைவனாக்கிப் பாடிய சரபேந்திர பூபால குறவஞ்சி, தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடப்பட்டது. குறத்தி கை பார்ப்பாள், தன் மலைவளம் பேசுவாள், தெய்வங்களைக் கூப்பிடுவாள், பிறகுதான் பலனுக்கு வருவாள். தலைவி மனத்தில் இருப்பவன் யார் என்று பார்க்கிறவர்களுக்கு முதலிலேயே தெரியும். தெரிந்த விடையை நோக்கி எவ்வளவு சுற்றிப் போகிறாள் என்பதில்தான் சுவை.

டெல்டாவுக்கு ஒரு சீட்டுக்கட்டு

இன்று ஒருவர் கொலு நாளிலோ வைகுண்ட ஏகாதசி இரவிலோ வீட்டில் ஆட ஒரு குறி விளையாட்டைக் காவிரிக் கரைக்கென்று வடிவமைத்தால், முதல் சிக்கல் படங்களில் வரும். ஹெக்டெல் எடுத்துக்கொண்டவை அவருடைய ஊர்க்காரர் எல்லோருக்கும் தெரிந்த படங்கள்: குதிரைவீரன், கப்பல், வீடு, மேகம், அரிவாள், நாரை. அவற்றை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பொருள் புரண்டுவிடும். அங்கே அரிவாள் திடீர் வெட்டு, ஆபத்து. இங்கே தை மாதத்தில் கருக்கரிவாள் கையில் இருந்தால் வீட்டுக்கு நெல் வருகிறது.

மேகம் இன்னும் சிக்கல். அங்கே அது குழப்பம். இங்கே என்ன பொருள் என்பது மாதத்தைக் கேட்டால்தான் தெரியும். ஐப்பசியில் கருத்தால் சம்பா பிழைக்கும், அளவு மீறினால் வயல் மூழ்கும். அதே மேகம் தையில் வந்தால் கதிர் சாய்ந்துவிடும். அறுத்ததும் ஈரமாக இருக்கும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் வழக்கமாக மூட்டையை வாங்க மாட்டார்கள். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஐ நெருங்கும் வாரங்களில் 'மதகு' என்ற படம் வந்தால் அது நல்ல சேதி. ஐப்பசி வெள்ளத்தில் வந்தால் அதே மதகு கவலை. ஆகவே படம் மட்டும் போதாது. சித்திரை முதல் பங்குனி வரை சுழலும் ஒரு மாத வட்டமும் வேண்டும். 27 படமும் 12 மாதமும் சேர்ந்தால் 324 பலன். பஞ்சாங்கத்தோடு பழகிய வீட்டுக்கு இது புதிதும் இல்லை, பாரமும் இல்லை.

எடுக்கும் கைக்குக் கிளி கூடாது. வீட்டில் சின்னவர் யாரோ அவர் எடுக்கட்டும். உத்திரமேரூர் முறைப்படி சீட்டை வாங்குபவர் விரித்த கையில் வாங்கட்டும். சொல்லும் வாய் ஒருவரிடமே தங்காமல் முறைவைத்து மாறட்டும். கட்டுவிச்சி, வேலன், தெருவோர ஜோசியர் ஆகியோரிடம் கருவியும் பலனும் கூலியும் ஒரே இடத்தில் இருந்தன. பஞ்சாங்கச் சக்கரமும் பூப் பொட்டலமும் அவற்றைப் பிரித்துவைத்தன. வீட்டில் ஆடும்போது பிரிந்தே இருப்பதுதான் பாதுகாப்பு. தவறான பலனுக்கு யாரும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

கெட்ட சீட்டு வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வி மிஞ்சுகிறது. எல்லாமே நல்ல பலன் என்றால் இரண்டு ஆட்டத்தில் சலித்துவிடும். பரமபதத்தில் பாம்பு இல்லாவிட்டால் ஏணிக்கு மதிப்பில்லை. ஆனால் தமிழ்க் குறி மரபு கெட்ட பலனை வெறும் கெட்ட பலனாக விட்டதில்லை. கூடவே ஒரு பரிகாரம் சொல்லும். விளையாட்டில் அதை விதியாகவே வைக்கலாம். 'மூழ்கிய நாற்று' வந்தால் ஒரு சுற்று நிற்க வேண்டும், அல்லது பக்கத்திலிருப்பவருக்கு ஒரு பாட்டுப் பாடிவிட்டுத் தொடரலாம். பரிகாரம் சின்னதாகவும் உடனே செய்து முடிக்கக்கூடியதாகவும் சிரிப்பு வரவழைப்பதாகவும் இருந்தால், கெட்ட சீட்டு வந்தவர்தான் அந்தச் சுற்றின் கதாநாயகர்.

திருவிடைமருதூரின் பரிகாரமும் அப்படி உடனே முடிவதுதான். காசு கேட்பதில்லை, விரதம் கேட்பதில்லை. வேறு வாசல் வழியாக வெளியே போ என்கிறது, அவ்வளவுதான். கிழக்கு வாசலில் செருப்பை விட்டுவிட்டு வந்தவர், மேற்கே வெளியேறி, மதில் ஓரமாக வெறுங்காலோடு வீதியைச் சுற்றிக்கொண்டு செருப்பை எடுக்க வருகிறார்.